தவசிலிங்கம் பேசிய உப்பு

ஆத்திபுரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் மைக்கில் ஊர்ப் பெயர் சொன்ன தவசிலிங்கத்தின் வாயிலிருந்து உப்பு கொட்ட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லிக்குச் சட்னி பத்தவில்லை என்று அவர் சொன்ன சமயத்தில். சட்னி என்ற சொல் முடிந்ததும் கீழுதட்டோரத்திலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளை உப்பு உதிர்ந்து காலடியில் விழுந்தது, பத்தல என்பதற்கு இன்னொரு சிட்டிகை விழுந்தது, அவர் எதையும் கவனிக்காமல் இட்லியைப் பிட்டு வெறும் தட்டில் தொட்டுத் தின்றார். அவர் மனைவி வெயிலுகந்தாள் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். பத்து மாதமாக அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்தவளுக்கு இது ஒன்றும் பெரிசாகத் தெரியவில்லை, சட்னியை எடுக்க உள்ளே போனாள்.

பத்து மாதமாக என்னதான் நடக்கவில்லை? சாத்தூர் வண்டியை ராஜபாளையம் என்று மைக்கில் சொல்லி ஒரு நிச்சயதார்த்தக் கூட்டத்தையே தாம்பாளத் தட்டுகளோடு வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பினார். சட்டைக்கு மேல் சட்டை போட்டு அதற்கு மேல் ஒரு சட்டை போட்டுக்கொண்டு சட்டையைக் காணோம் என்று தேடினார். டீக்கடையில் ஐந்து டீ குடித்துவிட்டு இன்னும் ஒரு டீகூட வரவில்லையே என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்காரர்கள், அண்ணாச்சி, நீங்க வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க என்று கும்பிட்டு அனுப்பிவைத்தார்கள். வெயிலுகந்தாள் அவரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் ஒரு மூளை டாக்டரம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மா நல்ல மாதிரி, மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தே சொன்னார்.

"மூளையில ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லணும்னா ஒரு சிட்டிகை உப்பைத் தூவுதுன்னு வச்சுக்கங்கம்மா. குளூட்டமேட்னு அதுக்குப் பேரு. சேதி போய்ச் சேந்ததும் உப்பை உடனே அள்ளிடணும். அள்ளாமக் கிடந்தா சேதி ஓயாது, அடுத்த செல்லை நச்சரிச்சுக்கிட்டே இருக்கும், கடைசில எரிச்சே போட்டுடும்."

"யாரு அள்ளுவா?"

"அதுக்குன்னே ஆள் இருக்கு. ஆஸ்ட்ரோசைட்." டாக்டரம்மா நாலா பக்கமும் கை நீட்டின ஒரு நட்சத்திரத்தை வரைந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு அந்த ஆளுங்க அசந்துட்டாங்க. பாதி அள்ளுது, பாதியை விட்டுடுது. இந்த மறதி நோயில அதுவும் ஒண்ணு."

"அள்ளினதை என்ன செய்வாக?"

"முனை மழுக்கி, பதமாக்கி, பேசின செல்லுகிட்டயே திருப்பிக் குடுத்துடும். அதை வச்சுத்தானே அது மறுபடி உப்புச் செய்யணும்?"

டாக்டர் முன்னால் எல்லாரும் ஆட்டுவது போல வெயிலுகந்தாளும் தலையாட்டினாள். நட்சத்திரம் புரிந்தது, அள்ளுவது புரிந்தது. கூட்டி அள்ளினதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறதாவது, அது மட்டும் புரியவில்லை. அதைவிட முக்கியமாக அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது. "என்னைய மறந்துருவாகளா?" என்று கேட்டாள். டாக்டரம்மா பேனாவை மூடினார். மாத்திரை தருகிறேன், நிறுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

உப்பு கொட்டின அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் தவசிலிங்கத்தின் பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி அரைப்படி உப்பு சேர்ந்துவிட்டது. மூணு நாப்பது வண்டி போயிருச்சா, மூணு நாப்பது வண்டி போயிருச்சா என்று அவர் கேட்க, கேட்ட கேள்வியின் உப்பு காலடியில் கிடந்து மறுபடி அதே கேள்வியைக் கேட்க வைக்க, அவர் பாதம் மிளகாய் அரைத்த கை போலச் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து, கண் எதையோ தேடிச் சுழன்றது. வெயிலுகந்தாளுக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை. காலில் எண்ணெய் தடவினாள், தலையில் ஈரத்துணி போட்டாள், போயிருச்சு என்றாள், போகலை என்றாள், எதுவும் எடுபடவில்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுச் சண்முகக்கனி இரவல் முறத்தைத் திருப்பித் தர வந்தாள். "என்ன மதினி, அண்ணாச்சி உப்பு யாவாரம் ஆரம்பிச்சுட்டாகளா?" என்று கேலி பேசிக்கொண்டே, வந்த காலோடு மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து நாலு வீசு வீசிக் கூட்டி அதே முறத்தில் அள்ளினாள். கடைசிக் கல் முறத்தில் ஏறியதும் தவசிலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சண்முகக்கனி, ஓம் மக தையல் கிளாசுக்குப் போயிட்டாளா?" என்றார். பேர் சரி, மகள் சரி, தையல் கிளாசும் சரி. இரண்டு பெண்களும் முறத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். அதற்குள் அந்தக் கேள்விக்கான உப்பு விழுந்தது, சண்முகக்கனி அதையும் கூட்டினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள்; சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவி, மறுநாள் விடியலில் வெயிலுகந்தாள் கதவைத் திறந்தபோது வாசலில் ஏழு விளக்குமாறுகள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீருக்கு ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். குடத்துக்கு உள்ள சட்டம் விளக்குமாற்றுக்கும் வந்துவிட்டது. முதல் விளக்குமாற்றுக்காரி கூட்டி அலுத்ததும் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பாள், அடுத்தவள் வருவாள், நேற்று என் விளக்குமாற்றை எவளோ பின்னால் தள்ளிவிட்டாள் என்று சண்டையும் வரும். யாரும் ஆச்சரியப்பட்டு நின்று நேரத்தைக் கழிக்கவில்லை, எல்லாருக்கும் வீட்டில் உலை கொதித்தது. ஊர்ப் பெயருக்கு விழுவது கல்லுப்பு, கோபத்துக்கு விழுவது தூளுப்பு, கெட்ட வார்த்தைக்கு விழுவது தரையில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்துப் பேசிக்கொண்டார்கள். பரோட்டாக் கடை ராவுத்தர் ஒரு கல்லை நாக்கில் வைத்துப் பார்த்து, இது உப்பே இல்ல, இதைச் சால்னாவுல ஒரு துளி போட்டா ஊரே ஏங்கடைல கூடிரும் என்று சொல்லி, வெயிலுகந்தாள் முறைத்த முறைப்பில் துப்பிவிட்டார்.

அள்ளின உப்பை என்ன செய்வது என்பதில் மட்டும் தெருவில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மனுஷன் மேலிருந்து இறங்கின உப்பு, அதிலும் சீக்காளி மேலிருந்து இறங்கினது, திருஷ்டி சுற்றின உப்பு மாதிரிதானே? தண்ணீரில் கரைத்து முச்சந்தியில் ஊற்றினார்கள், திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள், வந்து கால் கழுவினார்கள். ஒரு நாளைக்கு மூன்று வாளி ஊற்றினார்கள்.

முதல் வாரம் தவசிலிங்கம் தெளிவாக இருந்தார், இரண்டாவது வாரம் நிதானமாக இருந்தார், மூன்றாவது வாரம் பேச்சு வறள ஆரம்பித்தது. சாத்தூர் போயிற்று, பிறகு சிவகாசி போயிற்று, பிறகு அருப்புக்கோட்டை போயிற்று. தண்ணீர் கேட்க வாயைத் திறந்து, தண்ணீர் என்ற சொல் இல்லாமல் சொம்பைப் பார்த்தார். உப்பு விழவில்லை. பெண்கள் விளக்குமாற்றை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொட்டினாலும் தப்பு, கொட்டாவிட்டாலும் தப்பு என்றால் நான் எந்தச் சாமியைக் கேட்க என்று வெயிலுகந்தாள் அடுப்படிக்குள் போய் அழுதாள்.

குழப்பத்தைத் தீர்த்து வைத்தது சண்முகக்கனியின் வெள்ளாடுதான். அது மத்தியானம் மூணரைக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சாத்தூர் வண்டி நிற்கிற இடத்தில் நின்று, மூணு நாப்பதுக்கு வண்டி கிளம்பும் வரை பார்த்திருந்துவிட்டு, அங்கிருந்து சிவகாசி வண்டி நிற்கிற இடத்துக்குப் போய், நாலு அஞ்சுக்கு அது கிளம்பியதும் அருப்புக்கோட்டை வண்டிக்கு நகர்ந்தது. ஏழு நாளாக இதே வேலை, ஒரு நிமிஷம் பிசகவில்லை. கண்டக்டர்கள் பழகிவிட்டார்கள், கடிகாரம் பார்ப்பதற்குப் பதில் ஆட்டைப் பார்த்தார்கள். வெயிலுகந்தாள் போய்ப் பார்த்தாள். ஆட்டின் தாடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. முச்சந்தியில் காய்ந்து பூத்துக் கிடந்த உப்பை அது நக்கியிருக்கிறது.

"அவுக பேச்சையெல்லாம் ஆட்டுக்கு வச்சுட்டேனே, பாவி," என்று அவள் பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் தலையில் அடித்துக்கொண்டாள். திருப்பிக் குடுத்துடும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது.

முச்சந்தி மண்ணைச் சுரண்டிக் கரைத்துத் தெளிய வைத்துக் காய்ச்சி ஒரு கைப்பிடி உப்பைத் தேற்றினாள். அவசரத்தில் ஒரு கல்லை அப்படியே அவர் நாக்கில் வைத்தபோது, அவர் பதினோரு ஊரை ஒரே மூச்சில் கத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். முனை மழுங்காத உப்பு ஆகாது என்று தெரிந்தது. எப்படி மழுக்குவது என்று தெரியவில்லை. வறுத்தால் வெடித்தது, அரைத்தால் கண்ணைக் கரித்தது. மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் முடிந்துகொண்டு அன்றைக்கு முழுவதும் தண்ணீர் பிடித்து, துணி துவைத்து, மாவாட்டி, மறுநாள் காலையில் முடிச்சை அவிழ்த்தால், உப்பு மனுஷச் சூட்டில் கிடந்து முனை மழுங்கி, தொட்டால் மெத்தென்று இருந்தது. கஞ்சியில் கலந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "தண்ணி" என்றார். பிறகு, "சாத்தூர்" என்றார். ஏழு விளக்குமாற்றுக்காரிகளும் வாசலில் நின்று குலவையிட்டார்கள்.

அதற்கப்புறம் தெருவில் ஒரு புது ஒழுங்கு வந்தது. கூட்டுகிறவள் தான் கூட்டினதைத் தன் மடியில் முடிந்துகொண்டு போவாள், ஒரு நாள் வைத்திருப்பாள், மறுநாள் கொண்டுவந்து கஞ்சிச் சட்டியில் போடுவாள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள், இவர்களுக்குப் பயம் வேறு மாதிரி வந்தது: சண்முகக்கனி தூக்கத்தில் பஸ் டைம் சொன்னாள், தையல்காரர் மனைவி மார்க்கெட்டில் கத்தரிக்காய் கேட்கப் போய் ரெண்டு கோவில்பட்டி கேட்டாள், ஒருத்திக்கு இடுப்பில் கொப்புளம் வந்து ஒரு வாரம் வரிசையிலிருந்து விலகிக்கொண்டாள். ஆனாலும் வாசலில் விளக்குமாறு குறையவில்லை. அவரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் பெண்கள் குந்தியிருந்து கையை நீட்டிக் கூட்டுகிறபோது, மருந்துச் சீட்டுப் படம் வெயிலுகந்தாளுக்கு நினைவு வரும்.

ஆனால் இதெல்லாம் பகலில்தான். விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக்கூடாது என்பது அந்தத் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லித் தராமலே தெரிந்த விஷயம். ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டால் விளக்குமாறு கதவுக்குப் பின்னால் போய்விடும், கூட்டினால் வீட்டிலிருக்கிற லட்சுமி வெளியே போய்விடுவாள். அவர் மட்டும் ஆறு மணிக்குத்தான் அதிகம் பேசினார். பொழுது சாயச் சாய உப்பு ஏறும், உப்பு ஏற ஏற அவர் கண்ணிலிருந்து வீடு நழுவும், சுவர் நழுவும், கடைசியில் அவளும் நழுவிப்போவாள்.

"ஏம்மா, யாரு நீ?" என்பார்.

"நான்தாங்க."

"எங்க வீட்டுக்காரி எங்க போயிட்டா? நீ பாத்தியா?"

"உங்க வீட்டுக்காரி பேரு என்ன?" என்று ஒரு நாள் ஏதோ ஒரு வீம்பில் கேட்டுவிட்டாள்.

"வெயிலுகந்தா," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் அவர் அவள் பெயரைச் சொன்னதே இல்லை. இந்தாரு என்பார், மற்றவர்களிடம் வீட்டுல என்பார். ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய்க்கு வீட்டுக்குள் ஒரு பெயர் சொல்ல வரவில்லை. ஆம்பிளைகள் அப்படித்தான் என்று அவளும் இருந்துவிட்டாள். இப்போது அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்து உப்பாகத் தரையில் கிடந்தது, மற்ற உப்பு போலில்லாமல் லேசான பழுப்பு நிறத்தில். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி கேட்டாள், அவர் மறுபடி சொன்னார். அதற்கடுத்த நாளும் கேட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்? அவளை யாரென்றே தெரியாத புருஷன் அவளைத் தேடுகிறதைக் கேட்க அவளுக்குச் சந்தோஷமாகவும் நெஞ்சு அடைப்பதாகவும் இருந்தது, இரண்டில் எது எது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூட்டினால் அவருக்குத் தன்னை அடையாளம் தெரியும், தெரிந்தால் பெயர் போய்விடும், இந்தாரு வந்துவிடும். கூட்டாவிட்டால் பெயர் கிடந்து அவரை எரிக்கும். விளக்கு வச்சாச்சே, எப்படிக் கூட்ட என்று லட்சுமி மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் சும்மா இருந்தாள். விடியலில் அவர் பாதம் கொப்பளித்திருக்கும், மருந்து போடுவாள். ஒவ்வொரு நாளும் தெளிவதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடியது. எட்டு மணிக்குத் தெளிந்தவர் பத்து மணிக்குத் தெளிந்தார், பிறகு மத்தியானம் ஆனது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் விளக்குக்குத் திரி போட்டு ஏற்றி, கும்பிட்டுத் திரும்பினால் நாற்காலியில் ஆள் இல்லை. வாசலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் உப்பு சிந்தின தடம் போயிருந்தது. அவள் பதறிப்போய்த் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓட, பாதி வழியிலேயே பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி கேட்டது, முப்பத்தொரு வருஷம் ஊருக்கே பழகின குரல்.

"பயணிகள் கவனத்திற்கு. வெயிலுகந்தா எங்கிருந்தாலும் மைக் ரூமுக்கு வரவும். அவுக வீட்டுக்காரர் காத்துக்கிட்டு இருக்கார். வெயிலுகந்தா எங்கிருந்தாலும் வரவும்."

மைக் ரூமில் இருந்த புது ஆளுக்கு அவரைத் தள்ள மனசு வரவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை. வெயிலுகந்தா, வெயிலுகந்தா என்று ஒவ்வொரு தடவைக்கும் பழுப்பு உப்பு கொட்டி, ரூம் தரையை மூடி, படியிறங்கி, சாத்தூர் வண்டி நிற்கிற இடம் வரை வந்துவிட்டது. ஏறப் போன ஜனங்கள் செருப்புக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆடு ஒன்றுதான் தள்ளி நின்று, இந்த உப்பைத் தொடாமல், அவளையே பார்த்தது. ரூமுக்குள் அவர் முழங்கால் வரை உப்பில் நின்றார். காலெல்லாம் வெந்திருந்தது. அவள் உள்ளே போய் எதிரே நின்று, "இந்தா வந்துட்டேன், நான்தான் வெயிலுகந்தா," என்றாள்.

"நீ இல்லம்மா," என்றார் அவர் தன்மையாக. "அவ வருவா. நீ தள்ளி நில்லு." மைக்கில் மறுபடி அவள் பெயரைச் சொன்னார். அவர் உதடு வெடித்து ரத்தம் வந்தது.

வெயிலுகந்தாள் பூக்கடைக்குப் போய் அங்கே சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். பூக்காரி ஊதுபத்தி கொளுத்திய கையோடு, "யக்கா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கு வச்ச நேரத்துல..." என்று கையைப் பிடித்தாள். "போறவ போகட்டும்" என்று வெயிலுகந்தாள் கையை உதறினாள். ஊரே பார்க்க, எல்லாக் கடையிலும் விளக்கெரிய, சாத்தூர் வண்டி நிற்கிற இடத்தில் ஆரம்பித்துத் தன் பெயரைத் தானே கூட்டிக்கொண்டு படியேறினாள். நூறு வெயிலுகந்தா, இருநூறு வெயிலுகந்தா, முப்பத்தேழு வருஷமாக வராமல் மொத்தமாக வந்த வெயிலுகந்தா எல்லாவற்றையும் அழுதுகொண்டே கூட்டினாள். சண்முகக்கனி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, அவள் கையிலும் ஒரு விளக்குமாறு இருந்தது, பின்னாலேயே மற்ற பெண்களும் வந்து குனிந்தார்கள், கடைசியில் பூக்காரியும் முந்தானையை விரித்து அள்ளினாள்.

அவர் காலடி வெறுந்தரை ஆனதும் தவசிலிங்கம் மைக்கைக் கீழே வைத்தார். சுற்றிப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இந்தாரு," என்றார். "விளக்கு வச்ச நேரத்துல இங்க என்ன பண்ற?"

"உங்களைத்தான் கூட்டிட்டுப் போக வந்தேன், வாங்க," என்றாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

அன்று எல்லாப் பெண்களும் ஆளுக்கொரு முடிச்சு கொண்டு போனார்கள். வெயிலுகந்தாளும் தன் மடியில் ஒரு முடிச்சு முடிந்திருந்தாள், அதற்குள் தனியாக இன்னொரு சின்ன முடிச்சு. ஒரே ஒரு சிட்டிகை. அதைத் தர வேண்டாம், தனக்கென்று இருக்கட்டும் என்று நினைத்திருந்தாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டால் தப்பா? இனிமேல் அந்தப் பெயரை அவர் சொல்வார் என்று யார் கண்டது?

காலையில் பெண்கள் கொண்டுவந்த உப்பையெல்லாம் கஞ்சியில் கலந்து கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார், யோசித்தார், இன்னொரு வாய் குடித்தார்.

"பத்தல," என்றார்.

அவர் கும்பாவை நீட்டியபடியே இருந்தார். அவள் மடிக்குள் கைவிட்டு, அந்தச் சின்ன முடிச்சை அவிழ்த்து, ராத்திரி முழுக்கத் தன் சூட்டில் கிடந்த சிட்டிகையைக் கடைசிப் பொடி வரைக்கும் கஞ்சியில் தட்டினாள். அவர் விரலால் கலக்கி, மடமடவென்று குடித்துவிட்டு, கும்பாவைக் கீழே வைத்து, அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இப்ப சரியா இருக்கு, வெயிலு," என்றார்.

பழுப்பு உப்பு ஒரு சிட்டிகை உதிர்ந்து அவர் காலடியில் விழுந்தது. அவள் அதை ஒரு கணம்கூடக் கிடக்க விடவில்லை. குனிந்து கூட்டி அள்ளி மடியில் முடிந்துகொண்டாள், நாளைக்குத் தர வேண்டுமே.